கணவாயடியிலிருந்து வந்த அழைப்பு

"அந்தத் தாளைத் தூக்கி அடுப்புல போடு."

"ஏன் போடணும்? ரெண்டு நாளா உக்காந்து எழுதினது, அதைப் போய்..."

"எழுதினது நீ. படிக்கப் போறதும் நீ. கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கப் போறது நான்ல?"

"கேக்கப் பிடிக்கலைன்னா வராதே. பொம்பளைங்க எல்லாம் வெளியில சமையல்ல இருப்பாங்க. நீயும் அங்க போய் மாவு பொரிச்சுக்கிட்டு..."

"முன் வரிசையில உக்காருவேன்."

"கிழவி!"

"சொல்லு, கிழவா."

அவர் ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் முக்கினார். முக்கினது தேநீரிலேயே கரைந்து போனதைக் கூடப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எங்கள் பக்கம் எந்தப் பெண்ணும் சொல்வதில்லை. எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்: ஜூமாதில். ஒன்பது வருஷமாக எங்கள் ஊர் மேய்ச்சல் குழுவின் தலைவர். எந்த மந்தை எந்த மலைக்குப் போவது, என்றைக்குக் கணவாய் ஏறுவது, என்றைக்கு இறங்குவது, எல்லாம் அவர் சொல்படிதான். மறுநாள் பகலில் மன்றக் கூடத்தில் வருஷக் கூட்டம். அவர் கையில் இருந்தது அங்கே படிக்க வேண்டிய அறிக்கை. முதல் பக்கத்தில் பாலம், வைக்கோல், ஆடுகளுக்குப் போட்ட ஊசி. இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: 'மே மாதம் கணவாயில் நேர்ந்த இழப்புக்கு, காத்திருக்கச் சொன்னதையும் மீறி மேய்ப்பர் எசென் மந்தையை ஏற்றியதே காரணம்.'

அது பொய் என்று மூன்று பேருக்குத் தெரியும். அவருக்கு, எசெனுக்கு, எனக்கு.

எசெனும் இவரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு பேரை எங்கள் ஊரில் சோட்டாள் என்போம், அவர்களுக்கு ஓர் உரிமை உண்டு. ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அவன் சோட்டாளே இல்லை. அறுபத்தைந்து வயது வரை இந்த இரண்டு பேரும் சந்தையில், சாவு வீட்டில், மந்திரி வந்த மேடையில் கூட ஒருவரை ஒருவர் விட்டதில்லை. இவரை எசென் 'வாலில்லாக் கடா' என்பார். எங்கள் ஆடுகளுக்குக் கொழுப்பெல்லாம் வாலில்தான். வாலில்லாத கடாவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இவர் எசெனைக் 'கழுதைப் பல்லா' என்பார். அதற்கு விளக்கம் வேண்டாம், எசென் ஒரு தடவை சிரித்தால் போதும்.

ஏப்ரல் கடைசியில் எசென் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார்.

"டேய் வாலில்லாக் கடா, ஒண்ணாம் தேதி மந்தைய ஏத்தப் போறியாமே?"

"ஆமா. மாவட்டத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. முதல் மந்தை கணவாய் ஏறுறதப் படம் பிடிக்கணுமாம்."

"அந்த ஆறு நட்சத்திரக் கூட்டம் இன்னும் மேக்க வானத்துல இறங்கி மறையல. மறையறப்ப ஒரு பனி கொட்டிட்டுத்தான் போகும். எங்கப்பன் காலத்துலேர்ந்து தப்பினதில்ல. கொட்டட்டும், பத்து நாள் கழிச்சு ஏறலாம்."

"போன்ல பாரு. பத்து நாளைக்கும் வெயில்."

"உன் போன் எத்தனை ஆடு மேய்ச்சிருக்கு?"

"கழுதைப் பல்லா, தேதி கொடுத்தாச்சு. பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சு."

"பந்தலுக்காகப் பனி நிக்குமா, மதினி? நீங்களாவது சொல்லுங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. விருந்துக்கு எத்தனை கிலோ மாவு பிசைய வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் பங்கு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஒன்றாம் தேதி காலையில் நல்ல வெயில். புல்வெளியில் பந்தல், கம்பளம், வந்தவர்கள் தலையில் புதுசாக நாங்கள் வைத்த வெள்ளைக் கம்பளித் தொப்பிகள். மத்தியானம் நான் இவர் தோள் பக்கம் குனிந்து விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கணவாயடியில் ஒரு பாறை இருக்கிறது. அதைத் தாண்டினால் எந்தப் போனும் பேசாது. அந்தப் பாறையிலிருந்து எசென்.

"டேய், காத்து திரும்பிடுச்சு. மேகம் முகட்டுக்குக் கீழ இறங்கிட்டு வருது. திரும்பட்டுமா?"

"இங்க வெயிலடிக்குதுடா."

"அங்க அடிக்கட்டும். இங்க குட்டிங்க வாய்விட்டுக் கத்துது. திரும்பட்டுமான்னு கேக்கறேன்."

"ஏறு. இவங்க ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்காங்க. விருந்தாளிங்க முன்னாடி மானத்த வாங்காதே."

வைத்துவிட்டார். பக்கத்திலிருந்த பெரிய அதிகாரி, "என்ன விஷயம்?" என்றார். "ஒண்ணுமில்லைங்க, கிளம்பிட்டாங்களாம்," என்றார் இவர். நான் அந்த அதிகாரியின் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றினேன். கண் மலைப் பக்கம் போய்விட்டது. பெரிய விருந்தாளிக்குக் கிண்ணத்தை நிரப்பாமல் அடிக்கடி ஊற்றுவதுதான் எங்கள் வழக்கம்; அந்த மரியாதைக்குப் பாதி ஊற்றுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

மூன்று நாள் பனி. நூற்றுப் பதினெட்டு ஆடுகள் பள்ளத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து மூடிப் போயின. எசெனை ஐந்தாம் நாள் குதிரையில் கட்டித் தூக்கி வந்தார்கள். இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்து விழுந்துவிட்டன.

ஊர் கூடியபோது, இருபத்துமூன்று ஆடுகளை இழந்த பெக்தூர் எழுந்து கத்தினான்: "யாரு ஏறச் சொன்னது? அந்தப் பேரு மட்டும் எனக்கு வேணும்!"

"நான் காத்திருன்னுதான் சொன்னேன்," என்றார் இவர்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னார், "வாய் தானாச் சொல்லிடுச்சு." ஒரு வாரம் கழித்து, "இப்பப் போய் மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். ஒரு மாசம் கழித்து, "ஒருவேளை காத்திருன்னு தான் சொன்னேனோ என்னவோ," என்றார். அந்த மூன்றாவதைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

எசெனை அந்தக் கூட்டத்துக்குத் தூக்கித்தான் வந்திருந்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஊர் ஒவ்வொரு வீடாக அவரிடம் விட்டிருந்த ஆடுகளைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போனது. அடுத்த வசந்தத்துக்கு மந்தை கொடுக்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த வாரம் வியாழக்கிழமை பேருந்தில் தலைநகரத்துக்குப் போகிறார், மருமகன் ஒரு சந்தையில் காவல் வேலை பார்த்து வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டோம். கூட்டம் புதன்கிழமை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. மே மாசத்திலிருந்து எசென் இவரைக் கிண்டல் பண்ணவே இல்லை. வழியில் பார்த்தால் தொப்பியைத் தொட்டு, "வணக்கம் தலைவரே, உடம்பு சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அதைக் கேட்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அடிபட்டவர் மாதிரி வீட்டுக்கு வருவார். மருந்துக்கடையில் ஒரு தடவை வேண்டுமென்றே, "என்ன கழுதைப் பல்லா, கால் எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்துப் பார்த்தாராம். "உங்க புண்ணியத்துல பரவாயில்லைங்க," என்றாராம் எசென்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ரொட்டி கரைந்த தேநீர் ஆறிப் போனது. இவர் திடீரென்று எழுந்தார்.

"ஒரு யோசனை."

"சொல்லு."

"நம்ம செங்கடாவை எசென் வீட்டுக்குக் கொண்டு போறேன். நல்ல வால். பட்டணம் போறவனுக்கு ஒரு மரியாதை. அவனுக்குப் புரியும்."

"என்ன புரியும்?"

"எல்லாம் புரியும். வாயால சொன்னாத்தானா?"

"நீ மே மாசம் வாயாலதானே சொன்னே?"

"நீயும் வா," என்றார், கேட்காதது மாதிரி.

போனோம். எசென் முற்றத்தில் கயிற்றால் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் கூடாரத்தின் மரச் சட்டங்கள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தன. அவர் மனைவி சாய்ரா எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். தேநீருக்கு என்று நினைத்தேன். கடைசி வரை வெளியே வரவில்லை.

"வாங்க தலைவரே. வாங்க மதினி."

"எசென், இந்தக் கடா உனக்கு. போற வழிக்கு."

"பேருந்துல கடாவை ஏத்த மாட்டாங்களே."

"அறுத்துக் கறியா எடுத்துட்டுப் போயேன். இல்ல மருமகன் வீட்டுல ஒரு விருந்து வை."

"என்ன விசேஷத்துக்கு?"

இவர் கயிற்றைப் பார்த்தார். கடாவைப் பார்த்தார். அதன் காதை நிமிண்டினார். "சும்மாத்தான். நீயும் நானும் எவ்வளவு நாள் பழக்கம்."

"தலைவரே." எசென் மூட்டையின் முடிச்சை இறுக்கினார். "ஊருக்கு முன்னாடி என் முதுகுல ஏத்தினதை, வீட்டுக்குப் பின்னாடி வந்து இறக்க முடியாது. கடா நல்லா இருக்கு. ஓட்டிட்டுப் போங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "நீ ஏன் அன்னைக்குக் கூட்டத்துல வாயைத் திறக்கல? பாறையிலேர்ந்து கூப்பிட்டேன்னு ஒரு வார்த்தை..."

"மதினி, சோட்டாளை ஆயிரம் கிண்டல் பண்ணலாம். காட்டிக் கொடுக்கிறதுக்குக் கிண்டல்னு பேர் இல்ல." மூட்டையை ஓரமாகத் தள்ளினார். "அதுவுமில்லாம, ஏறினது என் கால்தான். போன்ல யாரு என்ன சொன்னாலும், மேகத்தைப் பார்த்தவன் நான். முடியாதுன்னு திரும்பியிருக்கணும். அந்தப் பங்கை நான் வச்சுக்கிட்டேன், அதுலயே எனக்குத் தூக்கம் கிடையாது. மிச்சப் பங்கையும் நான் சுமக்கணும்னா, இந்தக் காலு தாங்காது."

கடாவை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தோம். காலையில் போகும்போது ஒருவரும் தெருவில் இல்லை. வரும்போது ஊரே வாசலில் நிற்கிறது.

"எங்க தலைவரே, கடாவோட?"

"காத்து வாங்கக் கூட்டிட்டுப் போனேன்."

"போறப்பவும் ஜன்னல்லேர்ந்து பார்த்தனே, எசென் வீட்டுப் பக்கமா..."

"அந்தப் பக்கம்தான் காத்து நல்லா வருது."

ஓடைப் பாலத்தருகே வந்ததும் நின்றார். கடாவும் நின்றது.

"உனக்குத் தெரியாது, கிழவி. தப்புன்னு ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் மழை பெய்யலைன்னாலும் என் தப்பு, பசு சினை பிடிக்கலைன்னாலும் என் தப்பு. அடுத்த வருஷம் 'இந்தப் பக்கம் போ'ன்னா, 'நீ சொல்லித்தானே அன்னைக்குச் செத்துச்சு'ம்பான். ஒருத்தனும் கேக்க மாட்டான். கேக்காத ஊருக்கு எதுக்குத் தலைவன்?"

"இப்பக் கேக்கறாங்களா?"

"கேக்கறாங்க."

"எசென்?"

அவர் கடாவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, நாற்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"மன்றக் கூடத்துல அப்பல்லாம் ஒரு கௌரவப் பலகை இருக்கும். நல்லா வேலை செஞ்சவங்க படம். எங்கப்பா படம் நடுவுல. எனக்கு ஒன்பது வயசு. ஒரு வருஷம் அப்பா சொல்லி வெட்டின வைக்கோல் முழுக்க நனைஞ்சு அழுகிப் போச்சு. மேலேர்ந்து விசாரிக்க வந்தாங்க. எல்லாரும் மழைதான் காரணம்னு எழுதலாம்னாங்க. இவரு எழுந்து நின்னு, 'மழை வரும்னு எனக்குச் சொன்னாங்க, நான்தான் கேக்கல, தப்பு என்னோடது'ன்னாரு. மறுநாள் பள்ளிக்கூடம் போற வழியில எட்டிப் பார்த்தேன். பலகையில படம் இல்ல. நாலு ஆணியும், நடுவுல வெளுப்பா ஒரு கட்டமும். வகுப்புல எல்லாப் பசங்களும் அந்தக் கட்டத்தைப் பத்தித்தான் பேசினாங்க. எசென் மட்டும், 'உங்கப்பன் மூஞ்சி அழகில்லைன்னு எடுத்துட்டாங்கடா'ன்னு கிண்டல் பண்ணான். அதைக் கேட்டுத்தான் அன்னைக்குச் சிரிச்சேன்."

"பலகையைத்தான் பார்த்தே நீ."

"வேற என்ன பார்க்கணும்?"

"நான் மருமகளா வந்த மறு வருஷம் மாமனார் செத்துப் போனாரு. நீ வெளியில ஆம்பளைங்களோட நின்னு அழுதுக்கிட்டிருந்தே. நான் உள்ள இருந்தேன். பக்கத்து ஊர், அதுக்கும் அந்தப் பக்கத்து ஊர்லேர்ந்தெல்லாம் பொம்பளைங்க வந்தாங்க. அண்ணன் தம்பி தண்ணித் தகராறுக்கு எங்க வீட்டுக்கு இவர்தான் வந்து பேசினாரு, எங்க மக கல்யாணத் தகராறுக்கு இவர்தான் வந்தாருன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. ஏன் இவரைக் கூப்பிட்டீங்கன்னு ஒருத்திகிட்டக் கேட்டேன். 'தனக்கு நட்டம்னாலும் உள்ளதைச் சொல்ற மனுஷன்னு அந்த வைக்கோல் கூட்டத்துல பார்த்தோமே'ன்னா."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன். நீ அவருக்குப் பிள்ளை."

கடா கத்தியது. நடந்தோம். 

புதன்கிழமை கூடம் நிறைந்திருந்தது. வெளியே நான்கு கொப்பரைகளில் கறி வெந்துகொண்டிருந்தது. கூட்டம் முடிந்து விருந்து, பெரியவர்களுக்கு அவரவர் தகுதி வரிசைப்படி கறியோடு எலும்பு. நான் முன் வரிசையில் உட்கார்ந்தேன். சமையலில் இருந்த பெண்கள் ஜன்னல் வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். எசென் கடைசியில், கதவோரம், ஊன்றுகோலோடு. நாளைக்குப் போகிறவர், விடைபெற வந்திருந்தார்.

இவர் முதல் பக்கம் படித்தார். பாலம். வைக்கோல். ஊசி. யாரோ கொட்டாவி விட்டார்கள். பக்கத்தைத் திருப்பினார், படிக்கவில்லை.

குழுவின் எழுத்தர் ஐசாதா சின்னப் பெண், பயந்த சுபாவம். "தலைவரே, தண்ணி வேணுமா?" என்றாள்.

"வேணாம்மா." தொண்டையைச் செருமினார். "மே மாசம் கணவாயில... சில குறைபாடுகள் ஏற்பட்டன."

"குறைபாடா?" பெக்தூர் எழுந்துவிட்டான். "எனக்கு இருபத்துமூணு குறைபாடு ஏற்பட்டுச்சு, எல்லாத்துக்கும் நாலு கால் இருந்துச்சு!"

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை இவர் நின்றார்.

"தகவல் போய்ச் சேர்றதுல ஒரு... சூழ்நிலை காரணமா ஒரு..."

நான் இருமினேன். இருமல் வந்துதான் இருமினேன் என்று சொல்ல மாட்டேன்.

என்னைப் பார்த்தார். அப்புறம் எனக்குப் பின்னால், கதவுப் பக்கம் பார்த்தார். அப்புறம் பக்கச் சுவரைப் பார்த்தார். பலகை எப்போதோ போய்விட்டது; சுண்ணாம்பு பூசியும் மூடாத நாலு ஆணி ஓட்டைகள் இருந்தன. கண்ணாடியைக் கழற்றினார். தாளை மடித்தார்.

"இந்த ரெண்டாம் பக்கம் பொய்," என்றார்.

வெளியே கொப்பரை மூடி அசைகிற சத்தம் கேட்டது.

"எசென் பாறையிலேர்ந்து என்னைக் கூப்பிட்டான். மேகம் இறங்குது, திரும்பட்டுமான்னு ரெண்டு தடவை கேட்டான். ஏறுன்னு சொன்னேன். பந்தல்ல விருந்தாளிங்க இருந்தாங்க. அவங்க முன்னாடி நான் சொன்ன தேதி தப்பாப் போயிடக்கூடாதுன்னு சொன்னேன். அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அவன் வீட்டுக்கு வந்து வேண்டாம்னான். அதையும் கேக்கல. அப்புறம் இதே இடத்துல நின்னு, காத்திருன்னு சொன்னதா உங்ககிட்டச் சொன்னேன். ரெண்டு விரலைப் பறிகொடுத்துட்டு அவனும் இங்கதான் உக்காந்திருந்தான், அவன் முன்னாடியே சொன்னேன். பயம். வேற ஒண்ணுமில்ல. நான்தான்."

உட்காரவில்லை. கை மட்டும் மடித்த தாளை இன்னும் மடித்துக்கொண்டிருந்தது.

பாராட்டுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இவ்வளவு சத்தத்தையும் எதிர்பார்க்கவில்லை.

"ஆறு மாசமா அவன் வீட்டு வாசல்ல துப்பிட்டுப் போனேனே!" என்றான் பெக்தூர். "என் பொண்டாட்டியை சாய்ராவோட பேசக்கூடாதுன்னேன். அதை யாரு திருப்பித் தருவா? நீ தருவியா?"

"தர முடியாது."

"இறங்குய்யா பதவியை விட்டு!" பின்னால் ஒரு குரல்.

"இறங்கச் சொன்னா இறங்கறேன்."

"இவன் இறங்கி என்ன ஆகப் போகுது?" பெக்தூர் அந்தக் குரலின் மேல் பாய்ந்தான். "அடுத்து வர்றவனும் போன்ல வெயிலைப் பார்ப்பான், பந்தல் போடுவான். அப்பவும் சாகிறது என்னோட ஆடு!"

"நீ இவன் கட்சியா இப்ப?"

"எவன் கட்சியும் இல்ல, எனக்குக் கோபம்!"

அப்போது குழுவில் இருக்கும் இன்னொருவர், எப்போதும் தூங்கி வழிகிற மனிதர், மெதுவாக எழுந்தார். "தேதி வச்சப்ப நானும்தான் கை தூக்கினேன். எசென் சொன்னது எனக்கும் தெரியும். விருந்து நல்லா இருக்கும்னு தூக்கினேன்," என்றார். உட்கார்ந்தார். அவர் கூட்டத்தில் பேசி அன்றுதான் பார்த்தேன்.

நானும் எழுந்துவிட்டேன். "பந்தல்ல பக்கத்துல நின்னு தேநீர் ஊத்தினேன். அந்தப் பேச்சு முழுக்க என் காதுல விழுந்துச்சு. ஆறு மாசம் நானும் சும்மா இருந்தேன்." 

கத்தல் ஒரு மணி நேரம். பதவி விஷயம் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போட்டார்கள். ஆனால் ஒன்று முடிவானது. ஐசாதா எழுந்து நடுங்கும் குரலில் கேட்டாள்: "அப்ப இனிமே கணவாய் ஏறுறதை யார் முடிவு பண்றது? நான் என்னன்னு எழுதட்டும்?"

"கணவாயடியில நிக்கிறவன்," என்றான் பெக்தூர். "பந்தல்ல உக்காந்திருக்கிறவன் இல்ல. மேய்ப்பன் திரும்பறேன்னா திரும்பணும், தலைவன் ஆனாலும் மந்திரி ஆனாலும். அப்படி எழுது."

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணத் தேவையில்லாதபடி தூக்கினார்கள். என் வீட்டுக்காரரும் தூக்கினார், எல்லோருக்கும் கடைசியாக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

பெக்தூர் கதவுப் பக்கம் திரும்பினான். "எசென் அண்ணே, வசந்தத்துல மிச்சமிருக்கிற என் ஆடுங்களை..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எசென் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெளியே வெயில். கம்பளங்கள் விரித்து, தட்டுகள் வந்தன. எப்போதும் இவருக்கு வரும் பெரிய தொடை எலும்பு அன்றைக்கு இவருக்கு வரவில்லை. வைக்கலாமா வேண்டாமா என்று பரிமாறுகிறவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு விலா எலும்பை வைத்துவிட்டுப் போனார்கள். தட்டோடு இவர் பந்தியின் கடைசியில் மருமகப்பிள்ளைகள் உட்காரும் பக்கமாகப் போய் உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை. ஆனால் சாப்பிட்டார். ஆறு மாசமாக ஒரு தட்டை அவர் முழுசாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. நான் ரொட்டி வைக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன்.

"போயிட்டானா?" என்றார், தட்டைப் பார்த்தபடி.

"யாரு?"

"யாருன்னு தெரியாதா உனக்கு?"

"சாய்ரா சமையல்ல வந்து நிக்கிறா. வெங்காயம் நறுக்கறா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"நாளைக்குப் பேருந்து எத்தனை மணிக்கு?"

"ஏழு."

"ஏழா..." என்று விலா எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் கறி இல்லை.

பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. டொக், டொக். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இவர் முதுகு விறைத்தது. சத்தம் எங்களைத் தாண்டிப் போய்விடும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். நின்றது. கம்பளத்தில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், கெட்ட காலை நீட்டிக்கொண்டு. ஒரு கை நீண்டு இவர் தட்டிலிருந்த விலா எலும்பை எடுத்தது, பார்த்தது, திரும்ப வைத்தது.

"இதுதான் இனிமே உனக்கு," என்றது குரல்.

இவர் வாயில் ரொட்டி. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கண் மட்டும் நிறைந்துகொண்டு வந்தது.

எசென் தன் பெரிய பல் எல்லாம் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தார். "மதினி, எனக்கும் ஒரு ரொட்டி." வாங்கிப் பிய்த்துக்கொண்டே, கறி கேட்கிற சாதாரணக் குரலில் இவர் பக்கம் திரும்பினார்.

"டேய் வாலில்லாக் கடா, வர்ற மே மாசம் நான் பாறையிலேர்ந்து கூப்பிட்டா எடுப்பியா, இல்ல விருந்தாளிக்குத் தேநீர் ஊத்திட்டிருப்பியா?"